மேஜிக் அரீனா: முதல் டெக் கட்டுவது எப்படி? என் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

புதுக்கை:

வணக்கம். மேஜிக் அரீனாவில் (மேஜிக் கார்டு விளையாட்டின் கணினி, போன் வடிவம்) பயிற்சி ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டேன். விளையாட்டு கொடுத்த இலவச டெக்குகளில் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) பிடித்த கார்டுகளைப் பொறுக்கி நானே ஒரு டெக் கட்டியிருக்கிறேன். கருப்பு, பச்சை, சிவப்பு என மூன்று நிறம். மொத்தம் 60 கார்டு, அதில் லேண்ட் 18, அதாவது மற்றக் கார்டுகளை இறக்கச் செலவாகும் மானாவைத் தருபவை. மீதி 42-இல் பெரும்பாலானவை ஒவ்வொரு பிரதிதான். ஷிவன் டிராகன் மாதிரி ஆறு மானா ஆசாமிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல கார்டு. ஆனால் டிராகன் கையை விட்டு இறங்குவதே இல்லை, அதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர்கள் சின்னச் சின்னக் கார்டாகப் போட்டே அடித்துவிட்டுப் போகிறார்கள். வேண்டிய கார்டாக மாற்றிக்கொள்ளும் வைல்ட்கார்டு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எதை வாங்கிச் சேர்த்தால் இந்த டெக் தேறும்? காசு போடும் எண்ணம் இல்லை.

தீப்பொறி:

எதைச் சேர்த்தாலும் தேறாது ப்ரோ. கலைத்துவிட்டு ஒரே நிறத்தில் கட்டுங்கள். சிவப்பு நல்லது.

கணக்குப்புலி:

தீப்பொறி சொன்னது சரிதான், ஆனால் ஏன் என்று சொல்லாமல் போய்விட்டார். நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

60 கார்டில் 18 லேண்ட் என்றால், முதலில் வரும் 7 கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவதற்கான வாய்ப்பு 31 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று ஆட்டத்துக்கு ஒன்று, தொடங்கும் முன்பே கோணல். அதையே 24 லேண்டாக வைத்தால் 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது ஏழு கைக்கு ஒன்று. 24 வைத்தால் 2 முதல் 4 லேண்ட் வரை வரும் கை 77 சதவீதம். 60 கார்டு டெக்குக்கு 24 என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். உங்கள் டெக் முழுக்க ஒன்று, இரண்டு மானா கார்டாக இருந்தால் 22 வரை இறக்கலாம். ஆறு மானா ஆட்கள் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 18 என்பது நடக்காத காரியம்.

இது நிறத்தைக் கணக்கில் எடுக்காமல் சொன்னது. 18 லேண்டை மூன்று நிறத்துக்குப் பிரித்தால் தலைக்கு 6. ஷிவன் டிராகனுக்கு ஆறு மானாவில் இரண்டு சிவப்பாகவே இருக்க வேண்டும். டிராகன் கையை விட்டு இறங்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இரவுஷிப்ட்:

புலி, கணக்கு சரி. ஆனால் அது மேஜையில் கையால் குலுக்கி ஆடுவதற்கான கணக்கு. அரீனாவில் ஒற்றை ஆட்டமாக, அதாவது பெஸ்ட் ஆஃப் ஒன் ஆடினால், விளையாட்டே பின்னணியில் ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை எடுத்துப் பார்த்து, டெக்கில் லேண்ட் இருக்கும் விகிதத்துக்கு நெருக்கமான கையைத் தரப் பார்க்கும். அதனால் 31 சதவீதம் அங்கே அப்படியே பொருந்தாது. இதைத் தெரிந்துகொண்டு லேண்டைக் குறைத்து வைத்து ஆடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

கணக்குப்புலி:

நல்ல பாயின்ட், விட்டுவிடக்கூடாத பாயின்ட். ஆனால் அந்தச் சலுகை தொடக்கக் கையோடு சரி. அதன் பிறகு இழுக்கும் கார்டுக்கு எந்தக் கருணையும் கிடையாது. தவிர, விகிதத்துக்கு நெருக்கமான கை என்றால் 18 லேண்ட் டெக்குக்கு 7 கார்டில் 2 லேண்ட். 24 வைத்தவருக்கு 3.

இப்போது டிராகனுக்கு வருவோம். 2 லேண்டோடு தொடங்கினால் இன்னும் 4 வேண்டும். மிச்சம் 53 கார்டில் 16 லேண்ட். சராசரியாக ஏறக்குறைய 13 கார்டு இழுத்தால்தான் அந்த நான்கும் வந்து சேரும். 24 லேண்ட் டெக்கில் 3 லேண்டோடு தொடங்கினால் 7 அல்லது 8 கார்டில் வேலை முடிந்துவிடும். 13-ஆவது சுற்று வரை உயிரோடு இருப்பேன் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு உண்டா?

டஸ்ட்_தம்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு விளையாட்டுப் பக்கத்து ஆள். எனக்கு இந்த லேண்ட் விஷயமே வயிற்றெரிச்சல். அங்கே மானா தானாகவே சுற்றுக்கு ஒன்று ஏறி 10 வரை போகும். டெக் 30 கார்டுதான், ஒரு கார்டு இரண்டு பிரதி, அரிதான லெஜண்டரி என்றால் ஒன்று. புதிதாக வருகிறவருக்கு அதுதானே எளிது? எதற்கு மானாவுக்காகவும் தவம் கிடக்க வேண்டும்?

இரவுஷிப்ட்:

எளிதுதான், யார் இல்லை என்றது? ஆனால் மானா தானாக வரும் விளையாட்டிலும் புதியவர்கள் கட்டும் டெக்கில் இதே கோளாறுதான் இருக்கும் தம்பி. எட்டு மானா, ஒன்பது மானா கார்டாக அடுக்கிவிட்டு முதல் மூன்று சுற்று சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அதற்குப் பழி போட லேண்ட் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்கட்சி:

புதுக்கை, உங்கள் கேள்வியிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. எதிரில் இருப்பவர்கள் சின்னக் கார்டாகப் போட்டே ஜெயிக்கிறார்கள் என்றீர்களே, அது எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மூன்றே கார்டு. 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் இருப்பவை. இரண்டு காமன், ஒன்று அன்காமன். (காமன் எளிதில் கிடைப்பது; அன்காமன், ரேர், மித்திக் என்று போகப் போக அரிதாகும்.)

ஹீலர்ஸ் ஹாக்: ஒரு மானா, 1/1 (முதல் எண் அடிக்கும் அளவு, இரண்டாவது தாங்கும் அளவு). பறக்கும், லைஃப்லிங்க் உண்டு. அது அடிக்கும் அளவுக்கு உங்களுக்கு உயிர் ஏறும்.
அஜானிஸ் பிரைட்மேட்: இரண்டு மானா, 2/2. உங்களுக்கு உயிர் ஏறும்போதெல்லாம் அதன் இரண்டு எண்ணும் ஒவ்வொன்று கூடும்.
டாஸ்லிங் ஏஞ்சல்: மூன்று மானா, 2/3, பறக்கும். உங்கள் பக்கம் வேறொரு கிரியேச்சர் (களத்தில் நின்று சண்டை போடும் கார்டு) வந்து இறங்கினால் 1 உயிர் ஏறும்.

முதல் சுற்றில் ஹாக். இரண்டாவதில் பிரைட்மேட்டை இறக்கிவிட்டு ஹாக்கால் அடியுங்கள். 1 உயிர் ஏறும், பிரைட்மேட் 3/3. மூன்றாவதில் ஏஞ்சலை இறக்கி மறுபடி ஹாக்கால் அடித்தால் 4/4. நான்காவதில் இரண்டு மானா கிரியேச்சர் இரண்டை இறக்கினால் ஏஞ்சல் தயவில் இரண்டு முறை உயிர் ஏறும், அடிக்கப் போகும் முன்பே பிரைட்மேட் 6/6. அதே நான்காவது சுற்றில் ஹாக், ஏஞ்சல், பிரைட்மேட் மூன்றும் சேர்ந்து அடித்தால் 9. எதிராளியின் தொடக்க உயிர் 20தான்.

உங்கள் ஷிவன் டிராகனும் 5/5தான். ஆறு மானா.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. புதியவர்கள் பெரும்பாலும் முதலில் ஹாக்கால் அடித்துவிட்டு, அப்புறம் பிரைட்மேட்டை இறக்குவார்கள். உயிர் ஏறியபோது பிரைட்மேட் களத்திலேயே இல்லை, அதனால் 2/2-ஆகவே நிற்கும். பொதுவாக அடித்த பிறகு இறக்குவது நல்ல பழக்கம், எதிராளிக்கு விஷயம் தெரியாமல் இருக்கும். இந்த டெக்கில் மட்டும் தலைகீழ்.

ஓரமாநிக்கிறேன்:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இதற்காகவே கணக்கு தொடங்கினேன். அந்த வரிசை விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்லை. நன்றி வெள்ளைக்கட்சி.

போனில் ஆடுகிறவர்களுக்கு ஒன்று: கார்டை அழுத்திப் பிடித்தால் பெரிதாகத் தெரியும். எதிராளி போடும் ஒவ்வொன்றையும் அப்படி அழுத்திப் படியுங்கள். நேரம் போனால் போகட்டும்.

தீப்பொறி:

வெள்ளை சரி. ஆனால் பிரைட்மேட் 2/2-ஆக இருக்கும்போதே அதன் மேல் எதிராளி ஒரு பர்ஸ்ட் லைட்னிங்கை இறக்கினால் கதை முடிந்தது. ஒரு மானா, 2 டேமேஜ், காமன் கார்டு. ஆட்டம் நீண்டுபோனால் இன்னும் நான்கு மானா சேர்த்துக் கொடுத்து 4 டேமேஜாக்கலாம். கிரியேச்சர் இல்லையென்றால் நேராக ஆள் மேலேயே போடலாம். சிவப்பில் கைக்கு வரும் எந்தக் கார்டும் வீணாகாது.

வெள்ளைக்கட்சி:

முடியாது என்று சொல்லவில்லை. அதனால்தான் நான்கு பிரதி வைப்பது. ஒன்று செத்தால் அடுத்தது வரும்.

புதுக்கை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறார். புலி, அதற்கும் ஒரு கணக்கு இருக்குமே?

கணக்குப்புலி:

இருக்கிறது. 60 கார்டில் நான்கு பிரதி இருந்தால் முதல் 7 கார்டிலேயே குறைந்தது ஒன்று இருப்பதற்கு 40 சதவீதம். ஒரே பிரதி என்றால் 12-ஐக்கூடத் தொடாது. 10 கார்டு பார்க்கும்போது, அதாவது முதலில் ஆடுபவருக்கு நான்காவது சுற்றில், நான்கு பிரதிக்கு 53 சதவீதம், ஒற்றைப் பிரதிக்கு 17.

இதனால்தான் டெக்கில் 61, 62 கார்டு என்று போகாதீர்கள் என்கிறார்கள். எடுக்க மனசு வராமல் விட்டுவைத்த கார்டு, நல்ல கார்டு வரும் வாய்ப்பைத் தின்றுகொண்டிருக்கும்.

புதுக்கை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்கே போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கேள்வி.

1. வைல்ட்கார்டை எதில் போடுவது? ரேர் வைல்ட்கார்டு சிலது கிடக்கிறது.
2. வலையில் கிடைக்கும் டெக் பட்டியலை அப்படியே இறக்கிவிட்டால் என்ன? எனக்கு யோசிக்கும் வேலை மிச்சமாகுமே?

இரவுஷிப்ட்:

முதல் கேள்விக்கு என் பதில்: இன்றைக்கு ஒன்றிலும் போடாதீர்கள்.

வைல்ட்கார்டு, ரம்மியில் ஜோக்கர் மாதிரி. எந்தக் கார்டாகவும் மாறும், ஆனால் மாற்றியபின் மாற்றியதுதான். ஹார்த்ஸ்டோனில் வேண்டாத கார்டை உடைத்தால் கொஞ்சமாவது தூள் (அங்கே புதுக் கார்டு செய்ய உதவுவது) திரும்பும். 1600 தூளுக்குச் செய்த லெஜண்டரியை உடைத்தால் 400. கால் பங்கு. அரீனாவில் அந்தக் கால் பங்கும் கிடையாது, உடைக்கும் வழியே இல்லை. ஆகவே முதலில் இலவசமாகவும் விளையாட்டுக்குள் சேரும் தங்கத்திலும் வரும் கார்டுப் பேக்குகளைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் செய்ய நினைத்த கார்டு பேக்கிலேயே வரலாம்.

டஸ்ட்_தம்பி:

உடைக்கவே முடியாதா? கொள்ளையாக இருக்கிறதே.

இரவுஷிப்ட்:

ஒரு கார்டின் நான்கு பிரதி கைக்கு வந்துவிட்டால் அந்த ரேர் மறுபடி பேக்கில் வராமல் பார்த்துக்கொள்வார்கள். அது ஓரளவு ஈடு. ஆனால் நீ சொல்வதும் நியாயம்தான், அவசரக்காரர்களுக்கு அரீனா பொல்லாதது.

வெள்ளைக்கட்சி:

இரவுஷிப்ட் சொல்வதில் ரேர், மித்திக் வரைக்கும் எனக்குச் சம்மதம். காமன், அன்காமன் வைல்ட்கார்டைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. அவை தாராளமாக வரும். பிரைட்மேட் நான்கு வேண்டுமா, செய்துகொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் இருப்பதாகப் பார்த்துச் செய்யுங்கள். அண்மைத் தொகுப்புகளை வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் வகையில் மற்ற தொகுப்புகள் ஏறக்குறைய மூன்று ஆண்டில் வெளியேறிவிடும். ஃபவுண்டேஷன்ஸ் மட்டும் குறைந்தது 2029 வரை இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். போட்டது வீண்போகாது.

ஒரு எச்சரிக்கை. ஆல்கெமி என்று ஒரு வகை உண்டு, கணினியில் மட்டும் ஆடுவதற்கென்றே செய்த கார்டுகள். கடையில் அந்தப் பேக்குகளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்த ஆல்கெமி கார்டுகள் ஸ்டாண்டர்டில் செல்லாது. வாங்கும் முன் பேக்கின் பெயரை ஒருமுறை படியுங்கள்.

தீப்பொறி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். காப்பி அடிப்பதில் வெட்கம் வேண்டாம். டெக் பக்கத்தில் இம்போர்ட் பொத்தான் இருக்கிறது. பட்டியலைக் காப்பி செய்துகொண்டு அதை அழுத்தினால் இறங்கிவிடும், உங்களிடம் எது இல்லை, எத்தனை வைல்ட்கார்டு ஆகும் என்றும் காட்டும். அந்த இடத்தில் ரேர் 30, மித்திக் 8 என்று வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரவுஷிப்ட்:

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பட்டியலை இறக்கலாம், ஆனால் ஏன் அந்தக் கார்டு அங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆடினால், தோற்றால் எதனால் தோற்றோம் என்றும் தெரியாது. பல பட்டியல்கள் மூன்று ஆட்டப் போட்டிக்கு எழுதியவை. ஆட்டத்துக்கு நடுவே மாற்றிக்கொள்ள 15 கார்டு சைட்போர்டு அதோடு வரும். ஒற்றை ஆட்டத்தில் அந்தப் பதினைந்துக்கும் பெரும்பாலும் வேலையே இல்லை. அது தெரியாமல் சைட்போர்டு ரேருக்கும் வைல்ட்கார்டு செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

தீப்பொறி:

அதுசரி. சைட்போர்டைத் தவிர்த்துவிட்டு இறக்குங்கள்.

ஓரமாநிக்கிறேன்:

தங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பேக் ஒன்று 1000 தங்கம், 8 கார்டு வரும். இதைவிட ஜம்ப் இன் ஆட்டம் எனக்கு லாபமாகப் படுகிறது. அதற்கும் 1000 தங்கம்தான். காட்டும் பொட்டலங்களில் விருப்பமான இரண்டைத் தேர்ந்தெடுத்தால் லேண்டோடு சேர்ந்து 40 கார்டு டெக் தயார், அந்தக் கார்டுகளும் நமக்கே. நிறம் என்னவென்று பார்த்து எடுக்கலாம். எனக்கே இது சரிதானா என்று உறுதியாகத் தெரியவில்லை, மூத்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கட்சி:

சரிதான். கார்டே இல்லாத ஆரம்பத்தில் ஜம்ப் இன் நல்ல வழி. வெள்ளைப் பொட்டலம் கண்ணில் பட்டால் அதை எடுப்பது புதுக்கைக்கு உதவும். ஓரளவு சேர்ந்தபின் பேக்குக்கு மாறலாம். கடையில் ஸ்டாண்டர்ட் பேக் 10 வாங்கினால் ஒரு கோல்டன் பேக் சேரும். அதில் 6 கார்டும் ரேர் அல்லது அதற்கு மேல்.

தினப் பணியை மறக்காதீர்கள். 500 அல்லது 750 தங்கம். மூன்று பணி வரை சேர்ந்து நிற்கும், அதனால் தினமும் உட்கார வேண்டியதில்லை. 500 வந்தால் நாளுக்கு ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம், 750 விழுந்தால் அதிர்ஷ்டம். வேறு நிறத்தில் பணி வந்தால் அந்த இலவச டெக்குகளையே எடுத்து ஆடுங்கள். ஸ்டார்ட்டர் டெக் டூயல் என்ற ஆட்டம் இருக்கிறது, அங்கே எதிராளியும் அதே மாதிரி இலவச டெக்கோடுதான் வருவார். அடிவாங்கிச் சலித்த நாளில் அங்கே போனால் மனசுக்கு ஆறுதல்.

டஸ்ட்_தம்பி:

டிராஃப்ட், அதாவது பேக்கிலிருந்து ஒவ்வொரு கார்டாகப் பொறுக்கி டெக் கட்டும் ஆட்டம்? எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள்.

இரவுஷிப்ட்:

குயிக் டிராஃப்ட்டுக்கு 5000 தங்கம். கார்டு பெயரே பழகாமல் போனால் அந்த ஐயாயிரமும் அரை மணி நேரத்தில் கரையும். ஒரு தொகுப்பின் காமன்கள் கண்ணை மூடினாலும் தெரிகிறது என்ற நிலை வரட்டும்.

புதுக்கை:

மாற்றிக் கட்டிவிட்டேன். பட்டியல் இதோ:

பிளெயின்ஸ் (வெள்ளை லேண்ட்) 24
ஹீலர்ஸ் ஹாக் 4
அஜானிஸ் பிரைட்மேட் 4
டாஸ்லிங் ஏஞ்சல் 4
லூமினஸ் ரிபியூக் 4
செர்ரா ஏஞ்சல் 3
மீதி 17: ஒரு மானா 4, இரண்டு மானா 8, மூன்று மானா 3, நான்கு மானா 2. எல்லாம் கிரியேச்சர்.

ரேர் வைல்ட்கார்டைத் தொடவில்லை. பிரைட்மேட்டுக்கு மட்டும் அன்காமன் போட்டேன். டிராகன் இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறது, ஆனால் ஆட்டம் ஓடுகிறது. ஒரு சந்தேகம்: கிரியேச்சரை அழிக்கும் லூமினஸ் ரிபியூக்குக்கு ஐந்து மானா ஆகிறது. நான்கு பிரதி அதிகமோ? கையில் தேங்கி நிற்கிறது.

வெள்ளைக்கட்சி:

பட்டியல் நன்றாக இருக்கிறது. ரிபியூக்கில் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். நீங்கள் குறிவைக்கும் கிரியேச்சர் டேப் ஆகியிருந்தால், அதாவது சாய்ந்திருந்தால், மூன்று மானா குறையும். அவர் அடிக்க வரும்போது கிரியேச்சர் சாயும் அல்லவா, அந்த நேரத்தில் போடுங்கள். ஐந்து மானா இரண்டாகிவிடும். உங்கள் சுற்றில் ஐந்து கொடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தீப்பொறி:

அதற்கு இரண்டு மானாவை மிச்சம் வைத்து அவர் சுற்றுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு நிற்கக்கூடாது.

கணக்குப்புலி:

செர்ரா ஏஞ்சலை 3-இலிருந்து 2 ஆக்கி, அந்த இடத்தில் இன்னொரு ஒரு மானா கிரியேச்சர் வைக்கலாம். உங்கள் டெக்கில் ஒரு மானா ஆட்கள் 8 பேர்தான். முதல் சுற்றில் ஒன்றுமே போடாமல் போகும் ஆட்டம் இன்னும் கணிசமாக இருக்கும்.

வெள்ளைக்கட்சி:

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து மானாவுக்கு 4/4, பறக்கும், அடித்தாலும் சாயாமல் காவலுக்கு நிற்கும். களம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஆட்டத்தை முடித்து வைப்பது அதுதான். 24 லேண்ட் வைத்துவிட்டு மேலே ஒன்றுமே இல்லாவிட்டால் கடைசியில் லேண்டாக இழுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூன்றே இருக்கட்டும். ஒரு மானா ஆள் வேண்டுமென்றால் நான்கு மானாவில் இருக்கும் இரண்டில் ஒன்றை எடுங்கள்.

புதுக்கை:

நான்கு மானாவில் ஒன்றை எடுத்துவிட்டேன். ரிபியூக் விஷயம் இப்போதுதான் புரிந்தது. போனில் அந்த இரண்டாவது வரி கண்ணில் படவே இல்லை. இன்றிரவு ஸ்டாண்டர்ட் ரேங்க்டில் (தரவரிசை ஆட்டம்) ஆடிப் பார்க்கிறேன்.

இரவுஷிப்ட்:

ரேங்க்டில் ஒற்றை ஆட்டமா, மூன்று ஆட்டமா என்று பார்த்து அழுத்துங்கள். மூன்று ஆட்டத்தில் தொடக்கக் கைக்குச் சலுகை கிடையாது, சைட்போர்டும் இருந்தால்தான் நல்லது. உங்களிடம் அது இன்னும் இல்லை.